இரவல் மூக்கு

அந்த அக்கா என்னை வீட்டுக்குள் கூப்பிட்டதெல்லாம் என் மூக்குக்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அறிவுக்காகவோ குணத்துக்காகவோ கூப்பிட்டார் என்று நீங்கள் தவறாக நினைத்து, பிறகு ஏமாற வேண்டாம்.

என் மூக்கு பெரியது. நான் ஒரு இடத்துக்குப் போவதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். பெரிய மூக்கு என்றால் பெரிய மோப்பம் என்று அக்கா கணக்குப் போட்டிருக்க வேண்டும். என் மனைவியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். "இத்தாம் பெரிய மூக்க வெச்சிகினு, பக்கத்துல சாம்பார் அடி புடிக்கிறது தெரியாம பேப்பர் படிக்கிற ஆளு" என்பது அவள் எனக்கு அளித்திருக்கும் நற்சான்றிதழ்.

திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே எங்கள் குடியிருப்பு. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவும் நாங்களும் மூன்றாவது மாடியில் எதிரெதிர் வீடு. அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, ஓய்வு பெற்று, காலமாகிவிட்டவர். ஒரே மகன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அக்கா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்ப்பதும், மற்ற நாளில் மாடிப்படியில் குந்திக்கொண்டு போகிற வருகிறவர்களைக் கேள்வி கேட்பதும் அவர் வாழ்க்கை. பெயர் இருந்தது. கட்டடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணாவது மாடி அக்கா என்றால் அவர்தான். அதே மாடியில் என் மனைவியும் இருக்கிறாள் என்பது யாருக்கும் நினைவில் வராது. அவளுக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திசை தெரிந்துகொள்ளச் சூரியன் தேவையில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்தால் போதும். அழுகின முட்டை வாடை வந்தால் காற்று மேற்கிலிருந்து, மணலிப் பக்கமிருந்து வருகிறது. மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தால் வடக்கு, எண்ணூர். மீன் வந்தால் தெற்கே காசிமேடு. ஒன்றும் வராமல் உதட்டில் உப்பு மட்டும் பட்டால் கிழக்கே கடல். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து, என்ன இப்படி நாறுகிறது என்று கேட்டால், எது என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். பொய் இல்லை. உண்மையிலேயே எது என்று தெரியாது.

அக்காவின் மூக்கு போன கதை கருவாட்டில்தான் ஆரம்பித்தது. கொரோனாக் காய்ச்சல் வந்து எழுந்து சில நாள் ஆகியிருந்தது. நெத்திலிக் கருவாடு வாங்கிப் போய் வறுத்திருக்கிறார். வாசனை வரவில்லை. இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கிறார். கரியாகியும் வரவில்லை. மீதிக் கருவாட்டை முறத்தோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வாசனையே இல்லாத கருவாட்டை விற்பது என்ன நியாயம், காய்ந்த அட்டையை வெட்டி உப்புப் போட்டு விற்கிறாயா என்று சண்டை. கருவாட்டுக்காரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. முறத்தைப் பிடுங்கி, பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் முகத்துக்கு நேரே ஒவ்வொருவராக நீட்டினார். ஒருவர் கைக்குட்டையைத் தேடினார். ஒரு பெண் தன் பஸ் வருவதைப் பார்த்தும் எதிர்த்திசையில் நடந்தாள். அடுத்த மூக்கு என்னுடையது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பி நின்றிருந்தேன். அன்று முழுவதும் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இன்னும் சாட்சி வேண்டுமா என்று கருவாட்டுக்காரம்மா கேட்டார். அக்கா முறத்தைத் திரும்ப வாங்கி, கருவாட்டுக்குள் முகத்தை வைத்தாற்போல் குனிந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சண்டை இல்லை. கருவாட்டுக்காரம்மாவே பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் இதை மறைத்திருப்பார்கள். நானாக இருந்தால் என் மூக்கு செத்த விஷயத்தை என் மனைவிக்கே சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அக்கா அன்று மாலையே படிக்கட்டில் நின்று கட்டடம் முழுவதற்கும் அறிவித்தார்.

"என் மூக்கு செத்துப்பூட்ச்சி. ஆனா அடுப்பு உசுரோட கீது. கேஸு கசிஞ்சா எனக்குத் தெரியாது. தெனம் காலைல ஆர்னா வந்து மோந்து பாத்துட்டுப் போங்க. அப்பால தான் பத்த வெப்பேன்."

முதல் சில நாள் குழந்தை பார்க்கப் போகிற மாதிரி எல்லாரும் போனார்கள். பிறகு கூட்டம் குறைந்தது. கடைசியில் அந்த வேலை எனக்கே நிரந்தரமானது. எதிர்வீடு என்பது ஒரு காரணம். வேலை முடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட டீ கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். எங்கள் வீட்டு டீயைப் பற்றி இங்கே எழுதினால் எனக்கு அதுவும் கிடைக்காது.

முதல் நாள் போய் நின்று இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லக்கா, பத்த வைங்க" என்றேன்.

அக்கா லைட்டரைக் கையில் எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்லன்னு சொல்லாத நைனா. எனக்கு ஒண்ணும் தெரிலன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"எப்டி ஒண்ணு? நீ ஜல்பு புடிச்சிகினு வந்து கீறியோ இன்னாவோ. மூக்கு பேசலன்னா கேஸு இல்லன்னு ஆயிடுமா? எம்மூக்கும் தான் பேசல."

அதோடு விடவில்லை. அது சிலிண்டர் காலம். சிலிண்டர் கேஸ் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தவழும் என்று எங்கோ கேட்டு வைத்திருந்தார். அதனால் நின்று மோந்தது செல்லாது, குனிந்து மோக்க வேண்டும் என்றார். என் தொப்பை இருக்கிற நிலையில் குனிவது என்றால் மண்டி போடுவதுதான். அப்படி நான் அவர் அடுப்படியில் நான்கு காலில் நின்று சிலிண்டரைச் சுற்றி மோந்துகொண்டிருந்த ஒரு காலையில் என் மனைவி தயிர் உறை வாங்க வந்து பார்த்துவிட்டாள். அன்றிரவு என் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"இல்லன்னு சொல்லாத, தெரிலன்னு சொல்லு" என்பதை அக்கா கேஸோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாவற்றிலும் கொண்டுவந்தார். முதல் மாடியில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. பையனின் சித்தப்பா அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்று முடித்தார். படியில் உட்கார்ந்திருந்த அக்கா, உனக்குத் தெரியலை என்று சொல்லப்பா, இல்லை என்று நீ எப்படிச் சொல்லுவாய் என்றார். வரன் போய்விட்டது. பெண்ணின் அம்மா அக்காவோடு பேசுவதை விட்டார். அந்தப் பையன் பின்னால் வேறு பெண்ணைக் கட்டி, காசிமேட்டில் நல்லவன் என்று பெயர் எடுத்து வாழ்கிறான். அதை யாரோ சொன்னபோதும் அக்கா அசரவில்லை. நல்லது, இப்போது தெரிந்துவிட்டது என்றார். எனக்கே அன்று அவர் மேல் கோபம்தான்.

பிறகு எங்கள் தெருவைத் தோண்டினார்கள். எங்கள் தெருவைத் தோண்டுவது செய்தி இல்லை, மூடினால்தான் செய்தி. இந்த முறை உள்ளே போனது கேஸ் குழாய். கட்டடச் சுவரில் மஞ்சள் குழாய் ஏறி, வீட்டு வீட்டுக்குள் நுழைந்தது. கீழே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு வால்வு. விளக்கம் சொல்ல ஒரு இளம்பெண் வந்தாள். இது இயற்கை எரிவாயு, இதற்கென்று வாசனையே கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டுமே என்று நாங்கள்தான் நாற்றத்தைக் கலக்கிறோம் என்றாள். சிலிண்டர் கேஸ் மாதிரி கீழே தங்காது, காற்றைவிட லேசு, மேலே ஏறும், அதனால் மேல் ஜன்னலை எப்போதும் திறந்து வையுங்கள் என்றாள். அவள் நாற்றத்தைப் பற்றிச் சொன்னபோது, அழுகின முட்டை மாதிரி இருக்கும் என்றாள். நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அது எங்கள் காலைக் காற்று.

மூக்கே இல்லாதவள் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். கூரைக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, கேஸ் பட்டால் கத்தும் என்றாள். கத்தவில்லை என்றால்? கேஸ் இல்லை என்று அர்த்தம். அல்லது அது செத்துப்போயிருந்தால்? அந்தப் பெண் கோபப்படவில்லை. நல்ல கேள்விம்மா, அதற்குத்தான் அதில் ஒரு பட்டன் இருக்கிறது, அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், சத்தம் வந்தால் உயிரோடு இருக்கிறது என்றாள். அக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மகனிடம் சொல்லி வாங்குவதாகச் சொன்னார். மகன் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேல் ஜன்னலைத் திறந்து வைப்பதாகக் கட்டடமே தலையாட்டியது. அந்தப் பெண் தெருமுனை திரும்புவதற்குள் மூடியது. மூடாமல் என்ன செய்வது? எண்ணூர்ச் சாம்பல் ஒரு பக்கம், மணலி வாடை ஒரு பக்கம், கொசு எல்லாப் பக்கமும். எல்லா வீட்டு வென்டிலேட்டரிலும் ஃப்ளெக்ஸ் பேனர் வெட்டி ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தலைவரின் பாதிச் சிரிப்பு. மீதிச் சிரிப்பு இரண்டாவது மாடி வாத்தியார் வீட்டில். அக்கா ஒருவர்தான் தன் வீட்டு ஃப்ளெக்ஸைக் கிழித்து எறிந்தார். வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்று மூடினால் உள்ளே இருப்பது எப்படிப் போகும் என்றார். அவருக்கென்ன, வெளியே இருப்பது நாறாது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

குழாய் வந்ததும் என் வேலையும் மாறியது. மண்டி போடுவது போய், ஸ்டூல் வந்தது. கேஸ் மேலே ஏறும் என்றால் மூக்கும் மேலே ஏற வேண்டும் அல்லவா? தினமும் காலையில் ஸ்டூல் மேல் ஏறிக் கூரைக்கு மூக்கை நீட்டி நின்று, எனக்கு ஒன்றும் தெரியலைக்கா என்று அறிவிப்பேன். கீழே அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். நான் ஊருக்குப் போன நாட்களில் வேறு யாரையாவது கூப்பிடுவார். யாரும் கிடைக்காத நாளும் உண்டு. அன்று அடுப்பு எரியாது. பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு, வெயில்தானே, ஜில்லென்று இருக்கிறது என்பார். அதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த நாள் குற்ற உணர்ச்சியில் மூக்கு கூர்மையாகும்.

அந்தப் பன்தான் வினையானது. ஒரு நாள் மகன் சொல்லாமல் வந்து, அம்மா மாலை வரைக்கும் பன் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். நல்ல பையன், பாசக்காரன். அதனால்தான் கோபம் வந்தது. மோப்பம் இல்லாத ஆள் தனியாக கேஸ் அடுப்போடு இருப்பது தற்கொலை என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கேஸ் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு ஆவடிக்குக் கூட்டிப்போவதாக முடிவு சொன்னான். வீட்டைப் பூட்டிவிடலாம், வாடகைக்கு விடலாம், எல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

அந்த வாரம் அக்கா படியில் உட்காரவில்லை. காலையில் நான் ஸ்டூலில் ஏறி நின்றபோது கீழிருந்து, "ஆவடில எனக்கு ஆர்ட்ட சண்டை போட தெரியும், சொல்லு" என்றார். நான் மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். சில கேள்விகளுக்குக் கூரையைப் பார்ப்பதுதான் வசதி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வேளாங்கண்ணித் திருவிழாக் காலம். இரண்டாவது மாடி வாத்தியார் குடும்பம் இரண்டு நாள் முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு யாத்திரை போயிருந்தது. நான் இறால் வாங்கப் போய், கடைக்காரரோடு அரசியல் பேசி, எங்கள் கட்டடத்துக்குத் திரும்பும்போது உச்சி வெயில் தாண்டிவிட்டது. எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டுகிற நேரம். படியேறிக்கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். முதல் மாடிப் பெண்ணின் அம்மா, மணலிக்காரன் இன்றைக்கு ஞாயிறு என்று கூடப் பார்க்கவில்லை என்று திட்டியபடி தன் ஜன்னல்களை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

மேலே அக்கா மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கோயிலுக்குக் கட்டிய சேலையைத் துவைத்து பால்கனிக் கொடியில் போட்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு மூக்க மூடிகினு வர்ற?"

"மணலிக் காத்துக்கா. இன்னிக்கு ரொம்ப கலீஜு."

அக்கா திரும்பிக் கொடியைப் பார்த்தார். சேலை வீட்டுக்குள் உப்பி உப்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் பால்கனிகள் கடலைப் பார்த்தவை.

"காத்து கடலாண்டேந்து அடிச்சிகினு கீது. மணலி நாத்தம் எப்டி வரும்?"

நான் சேலையைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தக் கொடியைத் தாண்டித்தான் கடலைப் பார்த்திருக்கிறேன். காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று என்பது இங்கே பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். தெரிந்தும், நாற்றம் என்றதும் எங்கள் கை தானாக மணலியைக் காட்டிவிடுகிறது.

எங்கிருந்து நாறியது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கீழே வாசலில் இல்லை. முதல் மாடியில் லேசாக இருந்ததா என்று தெரியவில்லை. துண்டை எடுத்தது இரண்டாவது மாடித் திருப்பத்தில். மேலேயும் இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் அக்கா செருப்பைக் கூடப் போடாமல் எதிர்வீட்டிலிருந்த என் மனைவியையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினார். இறாலோடு நான் பின்னால். வாத்தியார் வீட்டு வாசலுக்கு வந்ததும் என் நாகரிகம் தலைதூக்கியது. உள்ளே யாராவது இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று அழைப்பு மணியை நோக்கிக் கை நீட்டினேன். குருவி மாதிரிக் கத்துகிற மணி அது. பூட்டு என் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி கிரேன்காரர் பெண்டாட்டியின் பிடி. சத்தமே போடாமல் சொன்னார்:

"பெல்ல தொடாத. லைட்ட தொடாத. கையால தட்டிகினே கீழ வா."

அப்படியே இறங்கினோம். ஒவ்வொரு கதவாக அக்கா உள்ளங்கையால் அறைந்தார். அவரோடு பேசாத முதல் மாடி அம்மா கதவைத் திறந்து, அக்காவைப் பார்த்ததும் மூடப் போனார். அக்கா காலை உள்ளே வைத்து, அடுப்பைப் பற்ற வைக்காதே, ஒரு சுவிட்சையும் தொடாதே, வெளியே வா என்றார். அந்தம்மாளுக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த தீப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கீழே இன்னொரு வேடிக்கை. வால்வுப் பெட்டிக்கு முன்னால் தரைத்தள மாமுவின் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. மாமு எப்போதும் அங்கேதான் விடுவார். பதறிப்போய்ச் சாவியோடு ஓடிவந்து வண்டியைக் கிளப்பப் போனார். அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். தள்ளு என்றார். நாங்கள் நாலைந்து பேர் மூச்சிரைக்கத் தள்ளினோம். மாமு குனிந்து வால்வைத் திருப்பி மூடினார். தெருமுனை வரை எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போன பிறகுதான் போனைத் தொட விட்டார். நான் வால்வுப் பெட்டியில் எழுதியிருந்த அவசர எண்ணை மனப்பாடம் செய்து வந்திருந்தேன். இரண்டு முறை தப்பாகப் போட்டேன். மூன்றாவது முறை என் மனைவி வாங்கிப் போட்டாள்.

வந்தவர்களில் மூத்தவரிடம் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நீண்டது. வாத்தியார் வீட்டுக் கதவின் கீழ் இடுக்கில் வைத்தபோது முனகியதாம். மேல் இடுக்கில் வைத்ததும் அலறியதாம். அந்த அலறல் தெருமுனையில் நின்ற எங்களுக்கே கேட்டது. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்கி, வெளிப்பக்கமாக வென்டிலேட்டர் ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். தலைவரின் மீதிச் சிரிப்பு தெருவில் வந்து விழுந்தது. கட்டடத்துக்கே மின்சாரத்தைத் தெரு மின்பெட்டியிலிருந்து நிறுத்தச் செய்து, காற்றாட விட்டு, நெடுநேரம் கழித்துப் பூட்டை உடைத்தார்கள். அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. ஊருக்குப் போகும் அவசரத்தில் வாத்தியார் வீட்டில் அடுப்படி வால்வை மூட மறந்திருந்தார்கள். அடுப்படி மூலையில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ். கிளிக் என்று நின்று, கிளிக் என்று ஓடுகிற பழைய ஃப்ரிட்ஜ். மூத்தவர் வெளியே வந்து, அந்தக் கிளிக்கில் பறக்கிற ஒரு பொறி போதும், கட்டடமே போயிருக்கும் என்று ஒரே ஒரு வரி சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் அக்காவின் மகன் வந்திருந்தான். கையில் இண்டக்ஷன் அடுப்புப் பெட்டி. கேஸைத் துண்டித்த பிறகு, வீட்டைக் காலி செய்து முடிக்கும் வரை சமைக்க வாங்கியதாம். கூட்டத்தை விலக்கி வந்து, அம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"பாத்தியாம்மா? இதுக்குத்தானே தலைப்பாடா அடிச்சிகினேன்."

"இன்னா பாக்குறது? கண்டுபுடிச்சது ஆரு?"

"நீயா மோந்த? இத்தினி பேரு மோந்தாங்க. எல்லாருமே மணலின்னு தானே சொன்னாங்க?"

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். நான் இறால் பையைப் பார்த்தேன். அது தனியாக நாறத் தொடங்கியிருந்தது.

மகன் சொன்னது நியாயம் என்று அக்காவுக்கும் பட்டிருக்க வேண்டும். "அதான்டா. அவங்களுக்கு மூக்கு கீது, கேக்கத் தெரில. எனக்கு மூக்கு இல்ல, கேக்கத் தெரியும். ரெண்டும் ஒரே எடத்துல இருந்தாத்தான் இன்னிக்கு பொழச்சோம். நீ என்னிய மட்டும் பிச்சி ஆவடிக்கு இஸ்துகினு போனா, அங்க நானும் அரை ஆளு, இங்க இவங்களும் அரை ஆளு."

"நாளைக்கு உன் வூட்டுலயே கசிஞ்சா?"

"ஆர்னா வந்து மோந்தா பத்த வெப்பேன். வரலன்னா இந்தப் பொட்டிய பிரிச்சி அதுல சமைப்பேன். பன்னு துன்ன மாட்டேன். போதுமா?"

முதல் மாடி அம்மாதான் அப்போது வாயைத் திறந்தார். வருடக்கணக்கில் பேசாத வாய். மாலையில் அடுப்பு மூட்டும்போது நான் வருகிறேன், காலையில் இந்த மூக்கர் வரட்டும் என்றார். மூக்கர் என்றது என்னை.

மகன் கடைசியில் இறங்கி வந்தான். ஆனால் அடுத்த வாரமே அந்தக் கத்துகிற கருவியை வாங்கி, அடுப்படிக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் போனான். அக்கா ஞாயிறு தோறும் பூசை முடிந்து வந்து, துடைப்பக் கட்டையால் அதன் பட்டனை அழுத்துவார். அது கத்தும். உசுரோட கீது என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடுவார். கருவி இருக்கும்போது நான் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். அதுக்கு டீ குடிக்கத் தெரியாதே என்றார். யாரும் வராத நாட்களும் இருக்கத்தான் செய்தன. மனிதர்கள் மறப்பார்கள். அப்போதெல்லாம் அந்தப் பெட்டி அடுப்பில்தான் சமைத்தார், கொடுத்த வார்த்தையை மீறவில்லை. எங்கள் வென்டிலேட்டர்களில் இப்போது ஃப்ளெக்ஸ் இல்லை. கொசு இருக்கிறது.

சென்ற வருடம் அக்கா போனார். கேஸும் காரணமில்லை, கருவாடும் இல்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ மாமுவுடையதுதான்.

துக்க வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. சாப்பாடும் காபியும் எங்கள் வீட்டிலிருந்தும் முதல் மாடியிலிருந்தும் போயின. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, குளித்து, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வந்தவர்களுக்கு ஒரு டீயாவது அம்மா அடுப்பில் வைக்கலாம் என்று மகன் எழுந்து போனான். துடைப்பக் கட்டையால் பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது. கருவி கத்தி ஓய்ந்தது. லைட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. ஏறினேன். கீழே அவன் பிடித்துக்கொண்டான். பால்கனிக் கொடியில் யார் யாருடைய துண்டுகளோ உலர்ந்துகொண்டிருந்தன, உள்பக்கமாக உப்பி. கூரைக்கு மூக்கை நீட்டி மூச்சை இழுத்தேன். உள்ளே போகவில்லை. காலையிலிருந்து அழுததில் இத்தனை பெரிய மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரில தம்பி. மூக்கு அடைச்சிகினு கீது" என்றேன்.

அவன் லைட்டரை மேடை மேல் வைத்தான். சாப்பாடு எடுத்துவரப் போயிருந்த என் மனைவியைக் கூப்பிட எதிர்வீட்டுக்குப் போனான். எங்கள் வாசலில் புது மணி மாட்டியிருக்கிறோம், அதுவும் குருவிதான். அவன் அதைத் தொடவில்லை. உள்ளங்கையால் கதவைத் தட்டினான்.